இரண்டு ராமாயிகள்

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், என்னை நம்பிய ஒருத்தியை நானே காட்டிக்கொடுத்தேன். லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்யவில்லை. யாருக்கும் பயந்தும் செய்யவில்லை. விதிப்படி, கடிதத்துக்கு எண் போட்டு, குறிப்பு எழுதி, முத்திரை குத்திக் காட்டிக்கொடுத்தேன். பள்ளி ஆய்வாளர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களிடம் சொல்ல என்னிடம் முப்பது வருஷத்துக் கதைகள் உண்டு. அவற்றில் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் இதே தவற்றை நீங்களும் செய்வீர்கள். செய்துவிட்ட பிறகு கையில் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கும், அதற்குள் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. எனக்கு அன்றைக்கு ஆறு மணி நேரம் கிடைத்தது. அந்த ஆறு மணி நேரத்தை நினைத்தால் இந்த வயதிலும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தைய காலம். எனக்கு வயது இருபத்தாறு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சேலத்தில் அலுவலகம். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்துப் பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடுவது என் வேலை. ஒரு பெண் அதிகாரியாக வண்டியில் வந்து இறங்குவதைப் பார்க்கவே சில ஊர்களில் கூட்டம் கூடும். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஒரு பிற்பகல் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பாவாயி என்ற வாத்தியாரம்மா. சங்ககிரிக்கு ஏழு மைல் தள்ளி ஒரு சிற்றூரில் பெண்கள் பள்ளியை ஒற்றை ஆளாக நடத்திவந்தவர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. சின்ன வலசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு மைலில் பெரிய வலசு. இரண்டு ஊரிலும் பெண்கள் பள்ளி, இரண்டுக்கும் ஒரே மேனேஜர். பெரிய பண்ணைக்காரர். சர்க்கார் உதவி பெற்று அவர்தான் இரண்டையும் நடத்திவந்தார்.

கடிதத்தில் இருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். சின்ன வலசுப் பள்ளிப் பதிவேட்டில் முப்பத்தொரு பெயர். நிஜமாக வருவது ஒன்பது பேர். மீதி இருபத்திரண்டும் கூலிக்காரர் தெருப் பிள்ளைகளின் பெயர்கள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடுவதில்லை. அவர்கள் மேனேஜரின் காட்டில் கடலை பிடுங்குகிறார்கள், அவருடைய ஆடு மேய்க்கிறார்கள். பார்வையிட அதிகாரி வரும் நாளில் மட்டும் பெரிய வலசுப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிவந்து, அந்தப் பெயர்களுக்கு ‘உள்ளேன்’ சொல்ல வைக்கிறார்கள். தன் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தாய் வந்து நின்றபோது, ‘உன் புள்ள பேரு ஏற்கெனவே இருக்குது, போ’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் இப்படி முடித்திருந்தார்: ‘இந்தப் பொய்ப் பதிவேட்டில் இரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுவருபவள் நான்தான். இனி என்னால் முடியாது. தாங்கள் வந்து பார்க்க வேண்டும்.’ அதற்குக் கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே செயல்பட வேண்டும் என்று துடித்தேன். புது அதிகாரி செயல்படுவது என்றால் என்ன? காகிதத்தை நகர்த்துவதுதான். ‘மேனேஜரின் விளக்கத்துக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதினேன். எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? பாவாயியின் கடிதத்தையே உள்ளே வைத்து, உறையை ஒட்டி, மாலைத் தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். அதிகம் பேசாதவர். மறுநாள் காலை தபால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் மேசை முன்னால் நின்றுவிட்டார்.

“அம்மா, அந்தப் புகார்க் கடுதாசியே உள்ள போயிருக்கா?”

“ஆமாம். விளக்கம் கேட்கணும்னா அவர் புகாரைப் படிக்கணுமே?”

“ஆட்டை நரி தூக்குதுன்னு மேய்க்கிறவ ஒருத்தி வந்து சொன்னா, அவளை நரிகிட்டயே பிடிச்சுக் கொடுத்துட்டு, ‘இவ சொல்றது நெசமா’ன்னு கேப்பீங்களா?”

எனக்கு முகம் சிவந்தது. அவர் கோபமாகவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. கடிதம் வந்த பழைய உறையை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். சங்ககிரி முத்திரை.

“அந்த ஊர்லயே தபாலாபீஸ் இருக்கு. இருந்தும் அந்தம்மா ஏழு மைல் நடந்து வந்து சங்ககிரியில போட்டிருக்காங்க. ஏன்? அந்தத் தபாலாபீஸ் மேனேஜர் வீட்டு முன்னறையில இருக்கு. நடத்துறது அவர் அக்கா மகன்.”

முத்திரையை நானும் நேற்றுப் பார்த்திருந்தேன். கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

“இப்போ என்ன செய்யறது?” என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சங்ககிரியில இருந்து தபால் ரன்னர் பையைத் தூக்கிட்டு நடந்தே கிளம்பி அந்த ஊருக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். ஈரோட்டு ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

சேவகர் மாரப்பனைக் கூப்பிட்டேன். டவாலிப் பட்டையை மாட்டிக்கொண்டே அவர் ஓடிவந்தார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்டதற்கு ரயில் புறப்பட்ட பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போவதென்றால் பத்து நாள் முன்னதாகவே பயண நிரலை அனுப்புவோம். அது மரியாதை என்று நினைத்திருந்தோம். அந்தப் பத்து நாளில்தான் வண்டிகள் பூட்டப்பட்டன, பிள்ளைகள் இடம் மாறினார்கள் என்பது ரயிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது. முதல் முறையாக ஒரு பள்ளிக்கு யாருக்கும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

சங்ககிரியில் இறங்கித் தபாலாபீஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். “ரன்னர் போய் முக்கால் மணி ஆச்சுங்களே. அனுப்புன தபாலைத் திரும்ப வாங்கணும்னா எழுதிக் குடுங்க, மேலுக்கு அனுப்பி உத்தரவு வாங்கித் தாரேன்” என்றார். உத்தரவு எத்தனை நாளில் வரும் என்று கேட்கக்கூட நான் நிற்கவில்லை. வெளியே ஒரு குதிரை வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்து, “தபால் ரன்னரைப் பிடிக்கணும், வுடுங்க” என்றேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாட்டையை எடுத்தார்.

புழுதி, புழுதி, ஒரே புழுதி! கோட்டை மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் சோளக்காடு. மூன்றாவது மைல் தாண்டியதும் முன்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. ரன்னர்! தோளில் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. வண்டியை அவருக்குக் குறுக்கே நிறுத்தச் சொல்லிக் குதித்தேன்.

“ஐயா, அந்தப் பையில நான் அனுப்பின ஒரு கடிதம் இருக்கு. தப்பா அனுப்பிட்டேன். அதை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க. நான் சர்க்கார் அதிகாரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “சீல் வெச்ச பைங்கம்மா. எங்கய்யனே பையில இருந்தாலும் வழியில தொறக்க மாட்டனுங்க.”

கெஞ்சினேன். ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விடும் என்றேன். அதிகாரக் குரலிலும் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அப்போது எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. இன்றைக்கு யோசித்தால், அன்று காலையிலிருந்து நான் பார்த்தவர்களில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஆள் அவர்தான். என் தவற்றை மறைக்க இன்னொருவரைத் தவறு செய்யச் சொன்னேன். அவர் முடியாது என்றார். உங்களுக்கும் இப்படி ஒருவர் குறுக்கே நின்றால், அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். “நானு இன்னும் ரெண்டு ஊருக்குப் பை குடுத்துப்போட்டுத்தான் வலசுக்கு வருவனுங்க. பொழுது உச்சி தாண்டிரும். உங்களுக்குக் குருத வண்டி இருக்குது. எனக்கு முன்னால போறதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க இல்லீங்களே?” என்றார்.

அட! அதுவரை என் புத்தியெல்லாம் கடிதத்தைப் பிடிப்பதிலேயே இருந்தது. பிடிக்க முடியாவிட்டால் முந்தலாம். மேனேஜர் அதைப் படிப்பதற்குள் பள்ளியை நான் என் கண்ணால் பார்த்துவிட்டால், புகார் என்னுடையதாகிவிடும். பாவாயியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. மீண்டும் வண்டியில் ஏறினேன்.

சின்ன வலசுப் பள்ளி ஒரு ஓட்டுக் கட்டடம். இரண்டு சன்னல், கம்பி கிடையாது. சன்னலுக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் கடலைக் காடு. எதிர்ச் சாரியில் மேனேஜரின் வீடு. உள்ளே ஒன்பது பெண் குழந்தைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகை அருகே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார், மெலிந்த உடம்பு. என்னையும் மாரப்பனின் டவாலியையும் பார்த்ததும் அவர் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது.

“வந்துட்டீங்களா! கடுதாசி கெடைச்சுதுங்களா?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். ஒளித்து எதையும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மேனேஜருக்கே அனுப்பிவிட்டேன், இன்று மத்தியானம் அது அவர் கைக்கு வரும், தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

பாவாயி சுண்ணாம்புக்கட்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

“நம்பி எழுதுனனுங்க” என்றார். “அவரு என்ன பண்ணுவாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? என்ற வேலையப் பத்திப் பேச மாட்டாரு. என்ற நடத்தையப் பத்திப் பேசுவாரு. புருசன் செத்தவ, தனியா இருக்கறவ. ஊரு அதைத்தான் கேக்கும்.”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

“பை எப்பங்க வருது?”

“உச்சிக்கு மேல.”

“அப்ப இன்னும் நேரம் இருக்குது. ஒக்காருங்க. மொதல்ல பள்ளிக்கூடத்தப் பாருங்க.”

என்ன பெண் அவர்! எனக்கு முதுகு நிமிர்ந்தது.

கால் மணிகூட ஆகவில்லை, மேனேஜரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், முகம் நிறையச் சிரிப்பு. “வாங்க அம்மணி, வாங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா டேசனுக்கே வண்டி அனுப்பியிருப்பனுங்களே. புள்ளைங்கெல்லாம் கோயில் நோம்பிக்குப் போயிருக்குது, இப்ப வந்துருமுங்க. அதுக்குள்ள ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு உண்ணுங்க.”

பசி வயிற்றைக் கிள்ளியது. வெயிலில் வந்த மயக்கம் வேறு. ‘ஒன்பது பேர்தான் இருந்தார்கள்’ என்று எழுதிவிட்டு அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் கோயில் நோம்பி, திருவிழா என்று அவர் ஒரே வார்த்தையில் அதைத் துடைத்துவிடுவார். நாளை விளக்கம் எழுதும்போது முப்பத்தொரு பேரும் வந்துவிடுவார்கள். ஆகவே பொய்யைத் தடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அது வண்டி கட்டிக்கொண்டு இந்த அறைக்குள் வரட்டும்.

“பரவாயில்லைங்க. பிள்ளைகள் வரட்டும், இங்கேயே இருக்கேன்” என்றேன்.

வந்தார்கள்! இரண்டு மாட்டு வண்டி நிறைய. தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, சிரித்துக்கொண்டே குதித்தார்கள். வரிசை தப்பாமல் உட்கார்ந்தார்கள். எத்தனை முறை பழகியிருப்பார்கள்! மேனேஜர் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். பாவாயி பதிவேட்டை எடுத்தார். அந்தப் பொய்யை அவர் வாயால் படிக்க வேண்டாம் என்று பதிவேட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

முதல் ஒன்பது பெயர்களுக்கும் சரியான குரல்கள் வந்தன. பத்தாவது பெயரை உரக்கப் படித்தேன்.

“ராமாயி!”

“உள்ளேனம்மா” என்றாள் இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி.

“நாந்தானுங்க ராமாயி!” என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். சன்னலில் ஒரு முகம். பத்து வயதிருக்கும். தோளில் ஒரு மேச்சேரி இனத்து ஆட்டுக்குட்டி, கையில் கோல். தன் பெயரைச் சர்க்கார் அதிகாரி கூப்பிடுகிறார் என்ற சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்.

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். “அதும் ராமாயிதானுங்க. ஊருக்கு நாலு ராமாயி இருக்குதுங்க.”

நியாயமான பதில். ஊருக்கு நாலு ராமாயி உண்டுதான். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. குற்றம் சாட்டி ஒரு வார்த்தை பேசினாலும் சண்டையாகும், சண்டையில் அவர்தான் ஜெயிப்பார். கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் ‘தகப்பன் பெயர்: மாதன்’ என்று இருந்தது.

உட்கார்ந்திருந்த சிறுமியிடம் குனிந்தேன். “ராமாயி, உங்க அய்யன் பேரு என்ன கண்ணு?”

அவள் என்னைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. “வண்டியில சொல்லிக் குடுத்தாங்க… மறந்து போச்சுங்க” என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“அழாதே சாமி, உன் மேல ஒரு தப்பும் இல்லை” என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினேன். “உங்க அய்யன் பேரு?”

“மாதனுங்க!”

அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சன்னலருகே போய், அடுத்த பெயரை வெளியே பார்த்துப் படித்தேன். “காளியம்மா, தகப்பன் பெயர் குப்பன்!” என் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதுவரை ஓரமாக நின்ற மாரப்பன் சடாரென்று வெளியே இறங்கிக் காட்டு வரப்பில் ஏறினார். கோர்ட்டில் கூப்பிடுவதுபோல் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, நான் படிக்கப் படிக்கக் கத்தினார்.

“குப்பன் மக காளியம்மா!”

“வாரேனுங்க!” கடலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது.

“சின்னான் மக பழனியம்மா!”

“இங்கிருக்கறனுங்க!”

ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் எழுந்தன. பிடுங்கிய கடலைச் செடி கையிலேயே இருக்க, மண் ஒட்டிய காலோடு, பிள்ளைகள் வரப்பு தாண்டி ஓடிவந்தார்கள். கூடவே அவர்களுடைய தாய்மார்களும் வந்தார்கள். இருபத்திரண்டு பெயரில் பதினேழு பேர் அந்தக் காட்டிலேயே இருந்தார்கள்! நான் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு புள்ளி வைத்தேன். என் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது.

ராமாயி ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டு வாசற்படியில் கால் வைத்தாள். அப்போதுதான் மேனேஜரின் சிரிப்பு போனது.

“அதுங்கள உள்ள வுட்டா மத்த ஊட்டுப் புள்ளைங்க எந்திரிச்சுப் போயிருமுங்க. இத்தன நாளா அதுக்குத்தானுங்க வெளிய வெச்சிருக்கறோம்!”

அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதை அப்படியே அந்தப் பள்ளியின் பார்வைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். ராமாயி உள்ளே வந்தாள். ஒன்பது பேரில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்ற ஏழு பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அழுதுகொண்டிருந்த பெரிய வலசுச் சிறுமி தன் சிலேட்டுப் பலகையை ராமாயியிடம் நீட்டினாள்.

அந்த நேரத்தில் தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது.

நானும் பாவாயியும் வாசலுக்கு வந்தோம். ரன்னர் எதிர் வீட்டு வாசலில் பையை இறக்கினார். மேனேஜரின் அக்கா மகன் பையின் முத்திரையை உடைத்தார். நாங்கள் எல்லோரும் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சர்க்கார் முத்திரையோடு நீளமான உறை ஒன்று வெளியே வந்தது.

“நான் அனுப்பினது. திரும்ப வேணும்” என்றேன்.

“என்ற பேருக்கு வந்த தபாலுங்க அம்மணி” என்றார் மேனேஜர். அவர் சொன்னது சரி. எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. அவர் உறையின் ஓரத்தைக் கிழிக்கக் கை வைத்தார்.

“பிரிக்க வேண்டியதில்லீங்க” என்றார் பாவாயி.

அவர் தெருவின் நடுவுக்கு வந்திருந்தார். “அதுக்குள்ள இருக்கறது என்ற கடுதாசி. என்ன எழுதியிருக்குதுன்னு நானே சொல்லிப்போடறேன்.” அங்கே நின்ற தாய்மார்கள், பிள்ளைகள், ரன்னர், வண்டிக்காரர் எல்லோர் முன்னாலும் கடிதத்தில் இருந்த ஒவ்வொன்றையும் சொன்னார். தான் போட்ட பொய்க் கையெழுத்தையும் விடவில்லை. “மொட்டைக் கடுதாசி இல்லீங்க. பேரு போட்டுத்தான் எழுதுனேன்.”

மேனேஜரின் முகம் கறுத்தது. “நீ தங்கறதுக்கு நான் குடுத்த ரூமை இந்த நிமிசமே காலி பண்ணு.”

“பொட்டி கட்டி மூணு நாளாச்சுங்க” என்றார் பாவாயி.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கெக்கலித்துச் சிரித்துவிட்டாள். மேனேஜர் உறையை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நானும் மாரப்பனும் பாவாயியின் தகரப் பெட்டியைத் தூக்கிக் குதிரை வண்டியில் வைத்தோம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேனேஜர், பாவாயி சொன்னபடியே, அவருடைய நடத்தையைப் பற்றித்தான் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, புகார்க் கடிதம் மேனேஜர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார். தபாலில் ஏதோ குளறுபடி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், குமாஸ்தாவின் மேல் போட்டிருக்கலாம். பாவாயி தெருவில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. ‘நான்தான் அனுப்பினேன், யோசிக்காமல் அனுப்பினேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியால்தான் பாவாயியைப் பற்றி மேனேஜர் எழுதிய நான்கு பக்கமும் குப்பைக்குப் போனது. தன் மேல் உள்ள தப்பையே மறைக்காத அதிகாரி பார்த்ததைத் திரித்து எழுதியிருக்க மாட்டாள் என்று மேலதிகாரி நம்பினார்.

பள்ளியின் அங்கீகாரம் போனது. ஜில்லா போர்டு அங்கே பள்ளி திறக்க ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் ராமாயிக்குப் பள்ளியே இல்லை, அதையும் நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. திறந்த பிறகு முதல் நாளே வந்து சேர்ந்தாள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அன்றிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் சாரத்தை மட்டும் என் கையெழுத்தில் எழுதிக்கொள்வேன். எழுதியவர் பெயர் இருக்கும் தாள் என் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். முதலில் போய்ப் பார்ப்பேன், விளக்கம் பிறகுதான். நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாவாயி ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தார். அதன்பின் நாமக்கல் பக்கத்தில் ஒரு போர்டு பள்ளியில் இடம் கிடைத்தது. அடுத்த சுற்றில் நான் அங்கே போனேன். கொஞ்சம் நரைத்திருந்தார். பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள். பார்வை முடிந்து, வெளியே மாரப்பன் வண்டி பூட்டிவிட்டார். ரயிலிலும் வண்டியிலும் எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்ததை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

“பாவாயியம்மா, அன்னைக்கு என்னாலதான் உங்களுக்கு…”

“அதை வுடுங்க” என்றார் அவர். “இங்க ஒண்ணு கேளுங்க. எட்மாஸ்டரு பரிச்சக் கேள்விய மொத நாளே தன்ற ஊட்டுல டூசன் படிக்கற புள்ளைங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுத்துடறாருங்க. மத்ததுங்க எல்லாம் பெயிலு.”

தலைமையாசிரியர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பாவாயி குரலைக்கூடத் தாழ்த்தவில்லை!

“எழுதிக் கொடுக்கறீங்களா?” என்றேன்.

“எழுதறதப் பொறவு எழுதறனுங்க. அஞ்சாங்கிளாசக் கூப்புடறேன், அந்தக் கேள்விகளயே கொஞ்சம் மாத்திப் போட்டு நீங்களே கேட்டுப் பாருங்க. யாருக்குத் தெரியுது, யாரு முழிக்கறாங்கன்னு தன்னால தெரிஞ்சிரும்.”

நான் வாசலுக்கு வந்து, மாடுகளை அவிழ்த்துவிடும்படி மாரப்பனிடம் சொன்னேன். பிறகு உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.